உஹத் அடிவாரத்தில் அடங்கிய கோபம்

மதீனாவுக்குச் செல்லும் பாக்கியத்தை அல்லாஹ் உங்களுக்குத் தந்தால், ஒரு நாள் காலையில் பஸ் வண்டியில் ஏற்றி உங்களை உஹதுக்கு அழைத்துச் செல்வார்கள். மஸ்ஜிதுந் நபவியிலிருந்து வடக்கே ஏறத்தாழ ஐந்து கிலோமீற்றர் தூரம்தான். இறங்கியதும் அரை மணி நேரம் தருவார்கள். வழிகாட்டி சொல்வது கூட்டத்தின் இரைச்சலில் பாதிதான் காதில் விழும். மீதி நேரத்தைப் பேரீச்சம்பழக் கடைகளும் தஸ்பீஹ் மணிக் கடைகளும் எடுத்துக் கொள்ளும். பிறகு கிப்லத்தைன் பள்ளிக்குப் புறப்பட வேண்டும் என்று கூப்பிடுவார்கள். இலட்சக் கணக்கில் காசு சேர்த்துப் போகும் பயணத்தில் உஹத் இப்படிக் கைநழுவிப் போவது பெரும் கைசேதம். எனவே, நீங்கள் போகுமுன் வீட்டிலிருந்தே கொஞ்சம் அதைப் பார்த்துக் கொள்ளுங்கள், சகோதரிகளே.

உஹத் தனித்து நிற்கும் மலை. கிழக்கு மேற்காகச் சுமார் ஏழு கிலோமீற்றர் நீளம். கடல் மட்டத்திலிருந்து அதன் உச்சி ஆயிரம் மீற்றருக்கும் மேல். ஹப்புத்தளையையும் நுவரெலியாவையும் பார்த்துப் பழகிய நம் கண்ணுக்கு அது மலையாகவே தோன்றாது. பச்சை இல்லை, அருவி இல்லை. செம்மை கலந்த பழுப்பு நிறத்தில் வெறும் பாறை. வெயில் ஏற ஏற அதன் நிறம் மாறும். அடிவாரத்தில் சுற்றுமதிலும் கம்பி வேலியும் இட்ட ஒரு வெளி இருக்கிறது. உஹத் ஷஹீத்கள் அங்கேதான் அடங்கியிருக்கிறார்கள். கப்றுகளின் மேல் கட்டடம் எதுவும் இல்லை. மண்ணும் சில கற்களும்தான். ஆணும் பெண்ணும் வேலிக்கு வெளியே நின்று ஸலாம் சொல்கிறார்கள். எதிரே சிறியதொரு குன்று. அதுதான் ஜபல் ருமாத், வில்லாளர்களின் குன்று. பக்கத்திலே ஸெய்யிதுஷ் ஷுஹதா என்ற பெரிய பள்ளிவாசல். ஷஹீத்களின் தலைவர் என்று அழைக்கப்படும் ஹம்ஸா (ரழி) அவர்களை நினைவூட்டும் பெயர் அது.

இந்த மலை நம்மை நேசிக்கிறது, நாமும் அதை நேசிக்கிறோம் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு வீட்டில் நமக்கு மனம் நொந்த சம்பவம் ஒன்று நடந்து விட்டால், பிறகு அந்த வீதியாலே போகக்கூட நமக்கு மனம் வராது. சுற்றிப் போவோம். நபி (ஸல்) அவர்களுடைய முகத்தில் இரத்தம் வழிந்தது இங்கேதான். சிறிய தந்தையைச் சிதைந்த உடலாகக் கண்டது இங்கேதான். அப்படிப்பட்ட மலையை அவர்கள் நேசித்தார்கள்.

ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு, ஷவ்வால் மாதம். கி.பி. 625. பத்ரில் தோற்ற குறைஷியர் மூவாயிரம் பேருடன் பழிவாங்க வந்திருந்தார்கள். ஊருக்குள்ளே இருந்து எதிர்கொள்வதே நல்லது என்பது நபி (ஸல்) அவர்களின் சொந்த எண்ணம். பத்ரில் கலந்து கொள்ளக் கிடைக்காத இளைஞர்கள் பலர், வெளியே போய்ச் சண்டையிட வேண்டும் என்று துடித்தார்கள். நபியவர்கள் அவர்களின் விருப்பத்தை ஏற்றுக் கவசம் அணிந்து புறப்பட்டார்கள். ஆயிரம் பேர் கிளம்பினார்கள். வழியில் அப்துல்லாஹ் இப்னு உபை சுமார் முந்நூறு பேரைக் கூட்டிக் கொண்டு திரும்பி விட்டான். எஞ்சியவர்கள் எழுநூறு பேர்.

அந்தச் சிறு குன்றில் ஐம்பது வில்லாளர்களை அப்துல்லாஹ் இப்னு ஜுபைர் (ரழி) அவர்களின் தலைமையில் நிறுத்தி, வென்றாலும் தோற்றாலும் இடத்தை விட்டு அசைய வேண்டாம் என்று நபியவர்கள் கட்டளையிட்டார்கள். முதலில் வெற்றிதான். எதிரிகள் ஓடினார்கள். கீழே பொருட்களை அள்ளுவதைக் கண்டதும் குன்றின் மேல் இருந்தவர்களுக்கு நிலைகொள்ளவில்லை. தலைவர் தடுத்தும் பெரும்பாலானோர் இறங்கி விட்டார்கள். அப்போது இஸ்லாத்துக்கு வந்திராத காலித் இப்னுல் வலீத் குதிரைப் படையுடன் பின்பக்கமாக வந்து பாய்ந்தார். எழுபது பேர் ஷஹீதானார்கள். நபி (ஸல்) அவர்களின் பல் உடைந்தது. தலைக் கவசத்தின் வளையங்கள் கன்னத்தில் புதைந்தன. மகள் பாத்திமா (ரழி) இரத்தத்தைக் கழுவக் கழுவ அது நிற்கவில்லை. பாய்த் துண்டொன்றை எரித்து அதன் சாம்பலைக் காயத்தில் வைத்து அமுக்கிய பிறகே நின்றது.

இதுவரை உங்களுக்குத் தெரிந்த வரலாறுதான். பிள்ளைகளுக்கு மத்ரஸாவில் சொல்லிக் கொடுக்கிறார்கள். இனிமேல் நடந்ததைத்தான் நாம் விரைவாகக் கடந்து போய் விடுகிறோம்.

அன்று மாலையில் கோபப்படுவதற்கு யாருக்கு எல்லாம் நியாயம் இருந்தது என்று எண்ணிப் பாருங்கள். ஊருக்குள்ளேயே இருப்போம் என்று நபியவர்கள் நினைத்தது போல இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா? இறங்காதீர்கள் என்று சொன்ன சொல்லைக் கேட்டிருந்தால் எழுபது வீடுகள் இருண்டிருக்குமா? நம் வீடுகளில் என்ன நடக்கும்? கணவர் ஒரு வியாபாரத்தில் காசைப் போட்டு நட்டப்பட்டு விட்டார் என்று வைத்துக் கொள்ளுங்கள். “நான் அப்போதே சொன்னேனே” என்ற ஒரு வார்த்தை நம் வாயிலிருந்து வராமல் அந்த இரவு விடியுமா? பத்து வருடம் கழித்தும் அதே வார்த்தை பிள்ளைகள் முன்னால் வரும். உண்மையில் அதைக் கோபம் என்றே நாம் கணக்கெடுப்பதில்லை. சத்தம் போட்டால்தான் கோபம் என்று நினைத்துக் கொண்டிருக்கிறோம்.

ஸூரா ஆலஇம்ரானின் 159ஆம் வசனத்தை எடுத்துத் தர்ஜமாவைப் படித்துப் பாருங்கள். உஹதைப் பற்றி இறங்கிய வசனத் தொடரில் அது இருக்கிறது. நபியே, நீங்கள் அவர்களிடம் மென்மையாக நடந்து கொண்டது அல்லாஹ்வின் ரஹ்மத்தால்தான் என்றும், கடுகடுப்பும் கல்நெஞ்சும் உள்ளவராக இருந்திருந்தால் அவர்கள் உங்களை விட்டு ஓடிப்போயிருப்பார்கள் என்றும் அதன் கருத்து போகிறது. பிறகு மூன்று கட்டளைகள் வருகின்றன. அவர்களை மன்னியுங்கள். அவர்களுக்காகப் பாவமன்னிப்புக் கேளுங்கள். காரியங்களில் அவர்களோடு ஆலோசனை செய்யுங்கள். எனக்கு வியப்பைத் தருவது மூன்றாவதுதான். யாருடைய ஆலோசனை இந்தத் துன்பத்தில் கொண்டு வந்து விட்டதோ, அவர்களிடமே மறுபடியும் ஆலோசனை கேட்கச் சொல்கிறான் அல்லாஹ். மன்னித்து விட்டேன் என்று சொல்லி விட்டு அன்றிலிருந்து அந்த மனிதரிடம் எதையும் கேட்காமல் ஒதுக்கி வைப்பது நம் வழக்கம். இந்த வசனம் அந்த வழியையும் அடைத்து விடுகிறது.

மென்மையும் கூடத் தம் சொந்தத் திறமை அல்ல, அல்லாஹ்வின் ரஹ்மத் என்பதையும் கவனியுங்கள். எனக்குப் பொறுமை பிறவியிலேயே இல்லை, என்ன செய்வது என்று சொல்லும் சகோதரிகளுக்கு இதிலே பெரிய ஆறுதல் இருக்கிறது. இல்லாததைக் கேட்டு வாங்க ஓர் இடம் இருக்கிறது.

கோபத்தை விழுங்குவோரைப் புகழும் வசனமும் இதே ஸூராவில், இதே உஹத் தொடருக்கு நடுவில்தான் வருகிறது. 134ஆம் வசனம். அங்கே வரும் சொல் ‘காழிமீன்’. தண்ணீர்த் தோல் பையை நிரப்பி அதன் வாயை இறுகக் கட்டுவதற்கும் அரபியர் இதே வேர்ச் சொல்லைப் பாவிப்பார்கள். பை காலியாக இல்லை. நிரம்பித்தான் இருக்கிறது. கட்டவிழ்ந்தால் எல்லாம் கொட்டி விடும். கோபமே வராத மனிதரை அல்லாஹ் இங்கே புகழவில்லை. நிரம்பிய பையைக் கட்டிப் பிடித்திருப்பவரைத்தான் புகழ்கிறான்.

அன்று பையைக் கட்டிய பெண்மணி ஒருவரை அந்த வேலியோரம் நிற்கும்போது நினைத்துக் கொள்ளுங்கள். ஸபிய்யா பின்த் அப்துல் முத்தலிப் (ரழி). நபியவர்களின் மாமி, ஹம்ஸா (ரழி) அவர்களின் உடன்பிறந்த சகோதரி. செய்தி கேட்டு வேகமாக மலையடிவாரத்துக்கு வந்து கொண்டிருந்தார்கள். ஹம்ஸாவின் உடல் சிதைக்கப்பட்டிருந்தது. அந்தக் கோலத்தை அவர்கள் பார்க்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் எண்ணினார்கள். ஸபிய்யாவின் மகன் ஸுபைர் (ரழி) ஓடிப் போய்த் தாயை மறித்தார்கள். அந்தத் தாய் பலம் மிக்கவர். மகனின் நெஞ்சில் ஓர் அடி! தள்ளு என்றார்கள். “நபியவர்களின் கட்டளை” என்று மகன் சொன்னதும் அதே இடத்தில் நின்று விட்டார்கள். கொண்டு வந்திருந்த இரண்டு துணிகளை எடுத்துக் கொடுத்துத் தம் சகோதரனைக் கபனிடச் சொன்னார்கள். ஹம்ஸாவின் பக்கத்தில் அன்ஸாரி ஸஹாபி ஒருவரும் அதே போலச் சிதைக்கப்பட்டுக் கிடந்தார். அவருக்குக் கபன் துணி இல்லை. ஹம்ஸாவுக்கு இரண்டு, இவருக்கு ஒன்றுமில்லை என்பது முறையாகப் படவில்லை. ஆளுக்கு ஒன்றாகப் பங்கிட்டார்கள். இமாம் அஹ்மதின் முஸ்னதில் இச்சம்பவம் இருக்கிறது.

நெஞ்சில் அடித்த கையும் துணியை நீட்டிய கையும் ஒன்றுதான். இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சொல் வந்தது. வீட்டில் கோபம் தலைக்கேறும் நேரத்தில், நின்றிருந்தால் உட்காருங்கள், அடங்காவிட்டால் படுத்துக் கொள்ளுங்கள், ஷைத்தானை விட்டு அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடுங்கள் என்றெல்லாம் நபியவர்கள் காட்டித் தந்த வழிகளும் இந்த வகைதான். அடுப்படியில் நின்று கொண்டு கையில் அகப்பையோடு இதைச் செய்து பாருங்கள், எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். உட்காருவதற்கு ஓர் ஈமான் வேண்டும்.

உஹதுக்கு என்னோடு வந்தவர்களில் ராத்தா ஒருவர். அறுபதைத் தாண்டியவர். யாழ்ப்பாணத்தில் பிறந்து, 1990 அக்டோபரில் இரண்டு மணி நேரத்துக்குள் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழ்ந்தவர். வேலியோரம் துஆ ஓதி முடிந்ததும் நிழல் தேடிப் பள்ளிவாசல் பக்கமாக உட்கார்ந்தோம். அங்கேதான் கேட்டார்.

“தங்கச்சி, மன்னிச்சிட்டன் எண்டு வாயால சொல்ல ஏலும். ஆனா என்ட மகள்ட காதுத் தோட்டக் கழட்டச் சொன்ன பெடியன்ட முகம் இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. துவக்கு அவன்ட உயரத்துக்கு இருந்திச்சு. தொழுது முடிச்சா இவ்வளவு காலமும் அவனுக்குச் சாபம் போடுறதுதான் என்ட வழக்கம். அது பாவமோ?”

கொஞ்ச நேரம் கழித்து, தானாகவே இன்னொன்றும் சொன்னார். “அவன் முன்னால வாய் திறக்க ஏலாது. அந்தக் கோவத்தையெல்லாம் புத்தளத்தில ஓலைக் கொட்டிலுக்குள்ள வச்சுப் பிள்ளையளுக்கு மேலதான் கொட்டினன். பாவம் அதுகள்.”

எங்கள் குழுவோடு வந்த மௌலவி பக்கத்தில் இருந்தார். அவர் அவசரப்பட்டு மன்னியுங்கள் என்று சொல்லி விடவில்லை. அல்ஹம்துலில்லாஹ். பாதிக்கப்படாதவர் பாதிக்கப்பட்டவரிடம் மன்னிப்பை வற்புறுத்துவதைப் போல எளிதான காரியம் வேறில்லை. அநீதி இழைக்கப்பட்டவர் முறையிட அல்லாஹ்வே இடம் தந்திருக்கிறான். இழந்த காணிக்கும் வீட்டுக்கும் சட்டப்படி உரிமை கேட்பதும் கோபத்தில் சேராது. மௌலவி சொன்னது வஹ்ஷியின் கதையை.

வஹ்ஷி, ஜுபைர் இப்னு முத்இமின் அபீஸீனிய அடிமை. ஜுபைரின் சிறிய தந்தை பத்ரில் ஹம்ஸாவின் கையால் மாண்டவர். ஹம்ஸாவைக் கொன்றால் உனக்கு விடுதலை என்று எசமான் சொன்னான். வஹ்ஷிக்கு யாருடனும் பகையில்லை. பாறைக்குப் பின்னால் ஒளிந்திருந்து ஈட்டியை எறிந்தார். ஹிஜ்ரி 8இல் மக்கா வெற்றி கொள்ளப்பட்டதும் தாயிபுக்கு ஓடினார். பிறகு தாயிபிலிருந்து வந்த தூதுக் குழுவோடு மதீனாவுக்கு வந்து நபி (ஸல்) அவர்கள் முன்னால் நின்றார். நீர்தானா வஹ்ஷி, நீர்தானா ஹம்ஸாவைக் கொன்றவர் என்று கேட்டார்கள். ஆம் என்றார். அவருடைய இஸ்லாம் ஏற்றுக் கொள்ளப்பட்டது. தண்டனை இல்லை, பழி இல்லை. ஆனால், உம்முடைய முகத்தை என் கண்ணில் படாமல் வைத்துக் கொள்ள உம்மால் முடியுமா என்று மட்டும் கேட்டார்கள். புகாரியில் வஹ்ஷியே சொல்லும் ஹதீஸ் இது. பின்னாளில் யமாமா போரில் பொய்த் தூதன் முஸைலிமாவை வீழ்த்தியதும் அவருடைய அதே ஈட்டிதான்.

ராத்தா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப முகத்தப் பார்க்காம இருக்கலாம்” என்றார்.

உலக மக்களுக்கு ரஹ்மத்தாக அனுப்பப்பட்டவர்களின் உள்ளத்திலேயே அந்த வலி இருந்தது. அதை அவர்கள் மறைக்கவில்லை. வலி இருப்பதாலேயே என் மன்னிப்பு பொய்யோ, என் ஈமான் குறைந்ததோ என்று தன்னைத் தானே வதைத்துக் கொள்ளும் சகோதரிகள் நம்மிடையே அதிகம். கணவனின் குடும்பத்தாரிடம் பட்ட சொல்லை நினைத்தால் இன்னமும் கண் கலங்குகிறதே என்பார்கள். கண் கலங்கட்டும். கட்டிய பையின் வெளியே ஈரம் கசியத்தான் செய்யும்.

சாபம் போடுவதைப் பற்றியும் ராத்தா விடவில்லை. அதற்கும் உஹதிலேயே பதில் இருந்தது. குறைஷித் தலைவர்களில் ஸப்வான் இப்னு உமையா, ஸுஹைல் இப்னு அம்ர், ஹாரிஸ் இப்னு ஹிஷாம் ஆகிய மூவருக்கும் எதிராக நபி (ஸல்) அவர்கள் பிரார்த்தித்து வந்தார்கள். அப்போதுதான் ஆலஇம்ரானின் 128ஆம் வசனம் இறங்கியது. இந்த விடயத்தில் தீர்மானம் உங்களிடம் இல்லை, அவர்களை மன்னிப்பதும் தண்டிப்பதும் அல்லாஹ்வுக்குரியது என்பது அதன் கருத்து. இதுவும் புகாரியில் உண்டு. மூன்று பேருமே பின்னர் இஸ்லாத்தைத் தழுவினார்கள். உஹதில் குறைஷிப் பெண்களுக்குத் தலைமை தாங்கி வந்த ஹிந்தும் மக்கா வெற்றியின்போது வந்து பைஅத் செய்தார். உஹத் களத்தில் நின்ற யாரால் அதை நினைத்துப் பார்த்திருக்க முடியும்?

“அந்தப் பெடியன் உசிரோட இருக்கிறானோ தெரியாது” என்றார் ராத்தா. “அவன்ட உம்மாவும் எங்கயாவது அழுதிருப்பா.” அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகி விட்டது.

நீங்கள் போகும்போது ஸுபஹுத் தொழுகைக்குப் பிறகு கூடிய சீக்கிரமே போய் விடுங்கள். பத்து மணிக்குப் பின் வெயிலில் நிற்க முடியாது. வயதானவர்கள் வில்லாளர் குன்றில் ஏற வேண்டியதில்லை, பாறை வழுக்கும். ஏறக் கூடியவர்கள் நல்ல செருப்பு அணிந்து ஏறிப் பாருங்கள். மேலே நின்றால்தான் அந்த வில்லாளர்கள் கீழே எதைக் கண்டிருப்பார்கள் என்று விளங்கும். இறங்குவதற்கு எத்தனை எட்டுகள்தான் தேவைப்பட்டிருக்கும் என்பதும் விளங்கும். மேலே இடம் பிடிக்கத் தள்ளுமுள்ளு நடக்கும். உங்கள் காலை யாராவது மிதிப்பார்கள்.

ஷஹீத்களின் வேலியோரத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் சத்தமாக ஓதிக் கொண்டிருப்பார்கள். கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கள். நபி (ஸல்) அவர்கள் தம் வாழ்வின் இறுதிக் காலத்தில், ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் கழித்து, உயிரோடிருப்பவர்களிடமும் மரணித்தவர்களிடமும் விடைபெறுவதைப் போல இந்த ஷஹீத்களுக்காகப் பிரார்த்தித்தார்கள் என்று உக்பா இப்னு ஆமிர் (ரழி) அறிவிக்கிறார்கள். ஸலாம் சொல்லி, துஆக் கேட்டு முடித்த பின், யாருடைய பெயரை இத்தனை காலமும் துஆவில் சேர்க்காமல் விட்டிருக்கிறீர்களோ அதைச் சொல்ல மனம் வந்தால் சொல்லுங்கள். வராவிட்டால் அதற்கான மனதைக் கேளுங்கள். கடைக்காரர்கள் கூப்பிடுவார்கள். அவர்களிடம் விலை பேசப் பிறகும் நேரம் கிடைக்கும்.